சனி, ஞாயிறுகளில் நெட்வொர்க்கிங் படிப்பு: புதுச்சேரிப் பயிற்சி மையம் ஒன்றில் ஆறு மாதம்

அந்த மையத்தின் இரண்டாவது மாடி அறைக்குள் நுழைந்ததும் காதில் விழுவது, மூலையில் நிற்கும் இரும்புச் சட்டத்தின் இரைச்சல். வலைகளை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய சிஸ்கோ 2811 ரவுட்டர்கள் மூன்றும், ஒரே வலைக்குள் கணினிகளை இணைக்கும் 2960 வகை சுவிட்சுகள் நான்கும் அதில் அடுக்கப்பட்டிருக்கும். ரவுட்டர்களின் விசிறிகள் சேர்ந்து இரைந்தால், பக்கத்தில் நிற்பவரிடமே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். பதினான்கு ஆண்டுகள் ஆஃப்செட் இயந்திரத்தின் அருகே நின்று பழகியவன் நான். அந்த இரைச்சல் எனக்கு அன்றே பிடித்துவிட்டது. விசாரிக்கப் போன மற்ற மூன்று இடங்களிலும் குளிரூட்டிய அறை இருந்தது, வரிசையாகக் கணினிகள் இருந்தன. கையால் தொட்டுப் பார்க்க ஒரு கருவிகூட இல்லை.

மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு சந்தில், மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறது என்பது போதும். குறைகளை அவர்களிடமே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பார்க்கும் வேலையை விடாமல் புதிய தொழில் படிக்க நினைக்கும் ஒருவருக்கு, எதைப் பார்த்துப் பணம் கட்டுவது, எதை நம்பக் கூடாது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அச்சகத்தில் பிளேட் போடுவதும் மெய்ப்புப் பார்ப்பதுமாக இருந்தேன். பட்டப்படிப்பு வரலாறு. 2020-க்குப் பிறகு அழைப்பிதழ் வேலை மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஐந்நூறு பத்திரிகை அடித்த குடும்பங்கள், சொந்தக்காரர்களுக்கு வைக்க நூறு மட்டும் அடித்துக்கொண்டு, மீதிப் பேருக்குக் கைபேசியில் அனுப்பின. முதலாளி யாரையும் போகச் சொல்லவில்லை. ஆனால் மிகைநேர வேலையும் அதன் கூலியும் நின்றுபோயின. ஒருநாள் கணினியிலிருந்து பிளேட் இயந்திரத்துக்குக் கோப்பு போகாமல் வேலை நின்றது. பழுது பார்க்க வந்த பையன் ஒரு கேபிளின் முனையை வெட்டி, புதிய முனை அழுத்தி, பத்து நிமிடத்தில் எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். அவன் கை செய்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். என்னாலும் முடியும் என்று அன்று தோன்றிய எண்ணம் பிறகு விலகவே இல்லை. அப்போது எனக்கு வயது 39.

2024 ஜூலையில் சேர்ந்தேன். சனிக்கிழமை மாலை மூன்று முதல் ஏழு வரை, ஞாயிறு காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரை வகுப்பு. கட்டணம் பதினெட்டாயிரம் ரூபாய், மூன்று தவணை. எங்கள் பேட்ச்சில் பதினொரு பேர். பாகூரிலிருந்து வரும் செவிலியர் ஒருவர், வில்லியனூரில் கேபிள் டிவி இணைப்புக் கொடுப்பவர், மூடிப்போன பஞ்சாலை ஒன்றில் தந்தை வேலை பார்த்த தம்பி ஒருவர், மீதிப் பேர் கல்லூரி முடித்த பிள்ளைகள். வயதில் மூத்தவன் நான்தான். கடலூரிலிருந்து பஸ்ஸில் சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில் அருகே ரயில்வே கேட் போட்டுவிட்டால் மட்டும் கணக்குத் தவறும். அதை நினைத்து நான் எப்போதும் இரண்டு பஸ் முன்னதாகவே கிளம்புவேன். வெளியூரிலிருந்து வந்து படிக்க நினைப்பவர்கள் இந்தப் பயண நேரத்தையும் படிப்புச் செலவில் ஒன்றாகவே எண்ண வேண்டும். “ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் வீட்டில் இல்லை என்று பிள்ளை கேட்கிறானே, என்னங்க சொல்வது?” என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஞாயிறு மாலை முழுவதும் அவனோடுதான் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஆறு மாதமும் அதைக் காப்பாற்றினேன்.

முதல் மாதம் முழுக்கக் கம்பிதான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையில் எட்டுக் கம்பிகளையும் நேராக்கி, ஒரே அளவாக வெட்டி, முனைக்குள் செருகி அழுத்த வேண்டும். பச்சை ஜோடி ஏன் பிரிந்து நீல ஜோடியின் இரு பக்கமும் நிற்கிறது என்று கேட்டேன். நடுவிலிருக்கும் இரண்டு கம்பிகளும் பழைய தொலைபேசி இணைப்போடு பொருந்தும்படி அமைக்கப்பட்டவை என்று ஆசிரியர் விளக்கினார். அத்தோடு விடவில்லை. பச்சையைப் பிரிக்காமல், நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்கி ஒரு கேபிள் செய்யச் சொன்னார். இரண்டு முனையிலும் அதே வரிசை. சோதனைக் கருவியில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் முறையாக எரிந்தன. எல்லாம் சரி என்று நினைத்தோம். பிறகு நீளமான கேபிளில் அதையே செய்து பெரிய கோப்பு ஒன்றை அனுப்பச் சொன்னார். திணறித் திணறிப் போனது. ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியில் போனால்தான் குறுக்கீடு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழியும். ஜோடி மாறிவிட்டால் இணைப்பு இருக்கும், தரம் இருக்காது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாத பக்கத்தில் நான்கு நிறங்களும் மயிரிழை விலகி அச்சாகியிருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மெய்ப்பில் அது தெரியாது, அச்சில்தான் தெரியும். அந்தப் பாடத்தை நான் மறக்கவே மாட்டேன்.

ஒரு வலையின் முகவரிகளைச் சிறு வலைகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் வந்தபோதுதான் பாதிப் பேர் தடுமாறினார்கள். அது தொடங்கிய மூன்றாவது வாரத்தில் ஒரு பிள்ளை வருவதையே நிறுத்திவிட்டது. நானும் முதலில் அந்த இரும எண்களைப் பார்த்து மலைத்தேன். ஆனால் அச்சகத்தில் எங்கள் கணக்கு முழுவதும் தாள் வெட்டும் கணக்குதான். முழுத் தாளை இரண்டாக, நான்காக, எட்டாக வெட்டுவோம். ஒரு வலையில் 256 முகவரிகள் என்றால், ஒரு வெட்டில் 128, இன்னொரு வெட்டில் 64, அடுத்ததில் 32. 192.168.10.0/24 என்பது முழுத் தாள்; /26 என்பது நான்காக வெட்டிய தாள். அடுத்து ஓரம். அச்சிடும் தாளில் இயந்திரத்தின் பிடிப்புக்கென்று ஓர் ஓரம் விட்டாக வேண்டும். அங்கே எழுத்து வராது. வெட்டிய ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக இயந்திரத்தில் ஓட்டினால், ஒவ்வொன்றிலும் அந்த ஓரம் போகும். வலையிலும் அதேதான். ஒவ்வொரு துண்டிலும் முதல் முகவரி அந்த வலையின் பெயராகப் போகிறது, கடைசி முகவரி எல்லோருக்கும் ஒருசேர அனுப்புவதற்குப் போகிறது. முழுத் தாளாக வைத்திருந்தால் 254 கருவிகளுக்குக் கொடுக்கலாம். நான்காக வெட்டினால் துண்டுக்கு 62, மொத்தம் 248. ஆறு முகவரிகள் ஓரத்தில் போய்விட்டன.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். “அண்ணா, நீங்களே வந்து பலகையில் போடுங்கள்” என்று சாக்குக் கட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். நான் உண்மையாகவே ஒரு தாளைக் கொண்டுவந்து மடித்துக் கிழித்துக் காட்டினேன். அந்தச் செவிலியர் அன்று சொன்னது நினைவிருக்கிறது: “இரண்டு வாரமாகத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன் சார்.” மாணவர் கையில் சாக்குக் கட்டியைக் கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் இருக்கும் இடம் அது. அவருக்கு 28 வயதிருக்கும். பாடத்தை முழுக்கத் தமிழில் நடத்துவார். கருவியில் தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைகளும் துறைச் சொற்களும் மட்டும் ஆங்கிலம். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் நான் மனப்பாடம் செய்திருப்பேன். தமிழில் கேட்டதால் எதிர்த்துக் கேள்வி கேட்க முடிந்தது. கட்டணத்தில் பாதி இதற்கே தகும்.

இன்னொரு வகுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு சுவிட்சுகளை இரண்டு கேபிள்களால் இணைக்கச் சொன்னார். ஒன்று அறுந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது யோசனை. அதற்கு முன் இரண்டிலும் ‘ஸ்பேனிங் ட்ரீ’ என்ற ஏற்பாட்டை அணைத்து வைத்தார். ஒரு கணினியிலிருந்து எல்லோருக்குமான ஓர் அழைப்பு போனது. அவ்வளவுதான். எல்லா விளக்குகளும் வெறிபிடித்தது போல் சிமிட்டத் தொடங்கின. எந்தக் கணினியும் எந்தக் கணினியோடும் பேச முடியவில்லை. அந்த ஓர் அழைப்பு இரண்டு கேபிள்களின் வழியாகவும் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் புதிய பிரதிகள் எடுத்துக்கொண்டிருந்தது. ரவுட்டர்கள் கையாளும் பொட்டலத்துக்கு ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறைந்து, பூஜ்ஜியமானால் அது கைவிடப்படும். சுவிட்சுகளின் மட்டத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கேபிளைப் பிடுங்கினார், அறை அமைதியானது. பிறகு ஸ்பேனிங் ட்ரீயை இயக்கிவிட்டு மறுபடி செருகினார். நான்கு முனைகளும் முதலில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன. முப்பது வினாடி கழித்து மூன்று பச்சையாயின. ஒன்று மட்டும் ஆரஞ்சாகவே நின்றது. வளையம் உண்டாகாதபடி சுவிட்சுகள் தாங்களே பேசி ஒரு பாதையை மூடி வைத்திருந்தன. 1985-ல் ராடியா பெர்ல்மன் என்ற பெண் வகுத்த வழி அது என்று சொல்லிவிட்டு, பச்சையாக எரிந்த கேபிளைப் பிடுங்கினார். மூடியிருந்த பாதை தானாகத் திறந்துகொண்டது. அதைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ரவுட்டரின் கட்டமைப்பை, அதாவது அது எப்படி நடக்க வேண்டும் என்ற கட்டளைகளை, நாங்கள் எழுதி முடித்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரத்தை நிறுத்துவதும் ஆசிரியரின் வழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் கட்டமைப்பு தற்காலிக நினைவில்தான் இருக்கும். அதைத் தொடக்கக் கட்டமைப்பாகச் சேமிக்கவில்லை என்றால் ஒரு மணி நேர உழைப்பு போச்சு. எனக்கு இரண்டு முறை போனது. மூன்றாவது முறை போகவில்லை.

வீட்டில் பயிற்சி செய்ய, கணினித் திரையிலேயே ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் இணைத்துப் பார்க்க உதவும் பேக்கெட் டிரேசர் மென்பொருள் போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் ஒரு கணக்குத் தொடங்கினால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். என் பழைய மடிக்கணினியிலேயே ஓடியது. உண்மையான கருவியில் உள்ள கட்டளைகள் எல்லாம் அதில் இருக்காது. ஆனால் இந்த நிலைப் படிப்புக்கு வேண்டியவை பெரும்பாலும் உண்டு. வாரநாள் இரவுகளில் பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் அதில் உட்காருவேன். அப்படி உட்கார முடியாதவர்கள் இந்த வகுப்பில் சேர்ந்து பயனில்லை என்றே சொல்வேன். வாரத்தில் எட்டு மணி நேர வகுப்பு விதை போடுவதற்குத்தான் போதும்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாள். அந்த ஒரு நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்து, எங்கள் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். இரண்டு வாரம் வகுப்பு நடக்கவில்லை. மையத்தைப் பற்றி மனமாரச் சொல்லக்கூடியது இது: தவறிய நான்கு வகுப்புகளையும் ஜனவரியில் தனியாக நடத்தினார்கள். கடைசித் தவணையையும் ஒரு மாதம் தள்ளி வாங்கினார்கள். வெள்ளத்தில் குறிப்பேடு நனைந்துபோன மூன்று பேருக்குப் புதிதாகப் படி எடுத்துக் கொடுத்தார்கள்.

இனி குறைகள். அந்தக் குறிப்பேடே பழையது. நாங்கள் தயாரானது சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ நிறுவனச் சான்றிதழ்த் தேர்வுக்கு. அது 2020 பிப்ரவரியில் முற்றாக மாறி, 200-301 என்ற ஒரே தேர்வானது. 2024 ஆகஸ்ட்டில் அதன் பாடத்திட்டம் இன்னொரு முறை புதுப்பிக்கப்பட்டது. ஆனால் எங்களுக்கு ‘ரிப்’, ‘இஐஜிஆர்பி’ என்ற இரண்டு வழித்தட முறைகளுக்கு நான்கு ஞாயிறுகள் போயின. அந்தத் தேர்வில் இந்த வகை முறைகளில் கட்டமைக்கக் கேட்பது ஓஎஸ்பிஎஃப் என்ற ஒன்றை மட்டுமே. ரிப் படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன்; ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்வது எப்படி என்று அதில்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்கு ஒரு ஞாயிறு போதும். தேர்வில் பத்து சதவீதம், கருவிகளை நிரல் எழுதித் தானாகக் கட்டமைக்கும் தானியக்கத்துக்கு உண்டு. அதற்கு எங்களுக்குக் கிடைத்தது கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைப் பாடமும் வயர்லெஸ் பாடமும் ஓட்டமாக ஓடின.

தேர்வுக்குத் தயார் செய்வதில் இன்னும் பெரிய குறை. 120 நிமிடத் தேர்வு அது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. பள்ளியிலிருந்தே தெரிந்ததை முதலில் எழுதிவிட்டு, தெரியாததற்குப் பிறகு வருவதே நமக்குப் பழக்கம். இது அந்தப் பழக்கத்தை முறிக்கும் தேர்வு என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, கடிகாரம் வைத்து ஒரு மாதிரித் தேர்வுகூட நடத்தவில்லை. 2025 மார்ச்சில் சென்னைக்குப் போய் எழுதினேன். நடுவில் இரண்டு கேள்விகளில் நேரத்தை இழந்து, கடைசிப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன். தேறவில்லை. கட்டணம் 300 டாலர். வரியும் சேர்ந்தால் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பயிற்சி மையத்துக்குக் கட்டியதைவிட அதிகம். அன்று மாலை கோயம்பேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் என் வாழ்வில் கடினமான நேரங்களில் ஒன்று. மனைவிக்கு எப்படிச் சொல்வது என்றே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: “எந்தப் பாடத்தில் போனது?” மூன்று மாதம் தானியக்கமும் ஐபிவி6-ம் நானாகவே படித்து, நாள்தோறும் கடிகாரம் வைத்துப் பழகி, ஜூனில் மறுபடி எழுதித் தேறினேன். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

வேலை விஷயம்தான் எனக்கு மிகவும் வருத்தம். வாசலில் பெரிய எழுத்தில் ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்று பலகை இருக்கிறது. எனக்கு அவர்கள் வழியாக வந்தவை இரண்டே அழைப்புகள். ஒன்று தொலைபேசியில் இணைய இணைப்பு விற்கும் வேலை. மற்றொன்று, சேருவதற்கு முன் வைப்புத் தொகை கேட்ட நிறுவனம். அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்த தாளில் முதல் வரியாகவே குறிப்பிட்டிருக்கிறேன். இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு அந்தப் பொய் எதற்கு?

எனக்கு வேலை கிடைத்தது அச்சகத்தின் வழியாக. ஆண்டுதோறும் எங்களிடம் மலர் அச்சடிக்கும் தனியார் கல்லூரி ஒன்றில் ஆள் தேவை என்று அங்குள்ள நூலகர் சொன்னார். நேர்காணலில் சான்றிதழை ஒரு நிமிடம் பார்த்தார்கள். பிறகு ஓர் அறைக்கு அழைத்துப்போய், அங்கே மூன்று கணினிகளில் இணையம் வரவில்லை, பாருங்கள் என்றார்கள். மூன்றிலும் முகவரி 169.254 என்று தொடங்கியது. முகவரி கொடுக்க வேண்டிய சர்வரை எட்ட முடியாமல் கணினி தானாக வைத்துக்கொள்ளும் முகவரி அது. மேசையை நகர்த்தியபோது யாரோ கேபிளைப் பிடுங்கி, சுவிட்சில் வேறு துளையில் செருகியிருந்தார்கள். அந்தத் துளை வேறொரு விலேனை, அதாவது அதே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த வேறொரு வலையைச் சேர்ந்தது. அந்த அறையில் நான் செய்தது எல்லாம், மருந்துக் கடைக்கு மேலிருந்த அறையில் பலமுறை செய்ததுதான்.

சம்பளம் பதினாறாயிரத்து ஐந்நூறு. அச்சகத்தில் வாங்கியதைவிட இரண்டாயிரம் குறைவு. நாற்பது வயதில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தப் பள்ளத்துக்குக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஓராண்டுக்குச் சீட்டுப் பணத்தை எடுக்காமல் வைத்திருந்தோம். சேர்ந்த முதல் மாதமே ஒரு வேலை. இரண்டு கட்டடங்களுக்கு இடையே 140 மீட்டருக்குச் செப்புக் கேபிள் இழுத்திருந்தார்கள். நூறு மீட்டர்தான் அதன் எல்லை என்று எடுத்துச் சொல்லி, ஒளியிழை போட வைத்தேன். இப்போது நூலகத்தில் இணைப்பு அறுவதில்லை.

என் அக்கா மகள் அடுத்த பேட்ச்சில் சேரலாமா என்று கேட்டாள். சேரலாம் என்றேன், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், கேட்டால் அனுமதிப்பார்கள். அவள் கேட்க வேண்டியவற்றை எழுதியும் கொடுத்திருக்கிறேன். குறிப்பேடு எந்த ஆண்டுப் பாடத்திட்டம்? அதே ஆசிரியர்தான் வருகிறாரா? கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு உண்டா? ஆளுக்கு எத்தனை மணி நேரம் ரவுட்டரில் உட்காரலாம்? வாசலில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் கேட்டிருக்கிறேன்.